எங்கள் வீட்டுக்கு வராத சிலுவைப்பாதை

என் அப்பா பாளையங்கோட்டை மார்க்கெட்டில் மீன்பெட்டி இறக்குகிற வேலை பார்த்தார். கடற்கரையிலிருந்து வரும் லாரிகளில் ஐஸ் உருகி வழிகிற பெட்டிகளைத் தோளில் வாங்கிக் கடைகடையாகக் கொண்டுபோய் வைத்துவிட்டு, காலை எட்டு எட்டரைக்கு வீடு திரும்புவார். சட்டையைக் கழற்றி வாளியில் போடுவார். அந்த வாளி இருக்கும் மூலையைத் தாண்டித்தான் நான் கல்லூரிக்குக் கிளம்ப வேண்டும். என் தாவணியிலும் நோட்டுப் புத்தகத்திலும்கூட மீன் வாடை ஏறிவிட்டதோ என்று தினமும் முகர்ந்து பார்த்துக்கொள்வேன். பதினெட்டு வயதில் எனக்கு இருந்த பெரிய கவலை அது.

நாங்கள் இருந்தது ஒரு வளவு. தெருவிலிருந்து ஒரு முடுக்கு உள்ளே போகும். இரண்டு பக்கமும் நான்கு நான்கு வீடுகள், நடுவில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு குழாய். எட்டு வீட்டில் நாங்கள் மட்டும்தான் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். கோயில் பாடகர் குழுவில் என்னோடு பாடிய பிள்ளைகள் எல்லாம் வாத்தியார் வீட்டுப் பிள்ளைகள், பேங்க்கில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள். வீடு எங்கே என்று அவர்கள் கேட்டால், "இங்கனதான், பக்கத்துல" என்பேன். மூன்று வருடமாக ஒருத்தியையும் முடுக்கு வரைக்கும்கூட அழைத்து வந்ததில்லை.

அப்பா குடிப்பார். சண்டை போடுகிற குடி இல்லை. பாட்டுப் பாடுகிற குடி. அதுதான் எனக்கு இன்னும் மோசமாக இருந்தது. அந்த வருடக் கிறிஸ்துமஸ் பூசை முடிந்து நாங்கள் குடிலுக்கு முன்னால் நின்று பாடிக்கொண்டிருந்தபோது, அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, கண்ணை மூடிக்கொண்டு எங்களோடு சேர்ந்து பாட ஆரம்பித்தார். ராகம் எங்கோ போனது. என் பக்கத்தில் நின்ற பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி என் காதில், "யாருட்டி இது?" என்று கேட்டாள். "தெரியல்ல" என்று சொல்லிவிட்டு நானும் சிரித்தேன். அப்பா கண்ணைத் திறந்தபோது என்னைத்தான் பார்த்தார். நான் சிரித்ததைப் பார்த்து, நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்று நினைத்து அவரும் சிரித்தார்.

இரண்டு மாதம் கழித்து, தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதன் வந்தது. அன்று பங்குச் சாமியார் சொன்ன பிரசங்கம் எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. இந்த நாற்பது நாளில் கடவுள் ஒவ்வொருவரையும் ஒரு தடவையாவது கூப்பிடுவார்; சத்தமாகக் கூப்பிட மாட்டார்; அந்த நேரம் வேறு வேலை இருக்கிறது என்று சொல்லிவிடாதீர்கள் என்றார். என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று தோன்றியது. பெரிய வெள்ளிக்கிழமை புலம்பலைத் தனியாகப் பாட என்னை விடுவார்கள் என்பதும், கன்னியர் மடத்தில் சேர்ந்துவிட்டால் எல்லோரும் எப்படிப் பார்ப்பார்கள் என்பதும்தான் அந்த நேரத்தில் என் மனதில் ஓடின. நாற்பது நாளும் காப்பி குடிப்பதில்லை என்று முடிவு செய்து, அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டேன்.

அப்பா கடைசி வரிசையில் நின்று பிரசங்கம் கேட்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும், நெற்றியில் சாம்பலோடு, அம்மாவிடம் சொன்னார்:

"இன்னைக்கு சாமியாரு சொன்னது எனக்குத்தான். பாஸ்கா வரைக்கும் தொடமாட்டேன்."

"சரி" என்றாள் அம்மா. ஈஸ்டர் வரைக்கும் குடிக்கமாட்டேன் என்பதை அவள் வருடா வருடம் கேட்டவள். முதல் வாரம்கூடத் தாண்டாது.

அந்த வருடம் தாண்டியது. வேலையிலிருந்து வந்ததும் சோப்பும் துண்டும் எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போவார். வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு படித்துறையில் வெயில் தாழும்வரை தண்ணீரிலேயே கிடந்துவிட்டு வருவார். வந்து அம்மாவுக்கு உள்ளி உரித்துக் கொடுப்பார். கை நடுங்கும். உரித்த உள்ளி தட்டில் விழாமல் தரையில் உருளும். குனிந்து பொறுக்கிப் போடுவார். இதையெல்லாம் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்த்தும் நம்பவில்லை. இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு என்று காத்துக்கொண்டிருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தத் தவக்காலத்தில் ஒரு புது ஏற்பாடு செய்திருந்தார்கள். இயேசு சிலுவை சுமந்த பதினான்கு நிலைகளைச் சொல்லி ஜெபிக்கிற வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதை, கோயிலில் இல்லாமல் ஒவ்வொரு தெருப் பகுதியிலும் ஒரு வீட்டில் நடக்கும். எங்கள் பகுதிக்குப் பொறுப்பு ஓய்வுபெற்ற ஒரு டீச்சர். யாரும் மனத்தாங்கல் படக்கூடாது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார். நான்காவது வெள்ளிக்கு எங்கள் வீடு விழுந்தது. சீட்டைப் பிரித்து வாசித்தபோது அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கோயிலில் இருந்து ஒரு ஆள் எங்கள் வீட்டுப் படியை மிதித்தது, எனக்குத் தெரிந்து, எனக்குப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுத்த வருடம் உபதேசியார் கணக்கெடுக்க வந்தபோதுதான்.

அந்த வாரம் புதன்கிழமை பாட்டுப் பழகப் போயிருந்தேன். ஒருத்தி சொன்னாள்: "வெள்ளிக்கிழமை ஒங்க வீட்டுலயாமே. டீச்சர் சொன்னாவ. நாங்க எல்லாரும் பாட வாரோம். இத்தன நாளு வீட்டையே காட்டலியே நீ."

அதற்குப் பிறகு அவர்கள் பேசியது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. குழாயடி, முடுக்கு, வாளி, அப்பா. வெள்ளிக்கிழமை மட்டும் அவர் குடித்துவிட்டு வந்து கண்ணை மூடிக்கொண்டு பாட ஆரம்பித்தால்? "யாருட்டி இது?" என்று கேட்டவளே எங்கள் வீட்டு நடுவில் நிற்பாள். பழக்கம் முடிந்ததும் டீச்சர் வீட்டுக்கு நேராக நடந்தேன். வாசலில் நின்றே சொன்னேன்.

"டீச்சர், அம்மைக்கு அம்மை போட்டிருக்கு."

சொல்லும்போதே அந்த வார்த்தை எனக்கு விநோதமாகக் கேட்டது. டீச்சர் பதறிப்போனார். "அடப் பாவமே. எப்பம்?" என்றார். "நேத்து" என்றேன். "சரிம்மா, நீ கவலப்படாத. அடுத்த தெருவுல மாத்திக்கிடுதேன். அம்மைய நல்லா பாத்துக்க" என்று சொல்லி என் தலையில் கை வைத்துச் சிலுவை வரைந்தார். திரும்பி நடக்கும்போது எனக்கு லேசாக இருந்தது. வீட்டில், இந்த வாரம் மாற்றிவிட்டார்கள், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

வீட்டில் அப்பா ஸ்டூலின் மேல் நின்று சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். முடி, புருவம் எல்லாம் வெள்ளை. வீட்டுக்கார அம்மாவிடம் இரவல் வாங்கிய பெரிய ஜமுக்காளத்தை அம்மா குழாயடியில் அலசிக்கொண்டிருந்தாள். அந்த அம்மா சைவக்காரர், எங்கள் கோயில் பக்கம் வந்ததே இல்லை. ஆனாலும் தன் வீட்டு இரண்டு பெஞ்சையும் தருவதாகச் சொல்லியிருந்தார். அப்பா என்னைப் பார்த்து, "சிலுவ எங்கன வைக்கணும்ட்டி? இந்தச் செவுத்துலயா, அந்தச் செவுத்துலயா?" என்று கேட்டார்.

"அந்தச் செவுத்துல" என்றேன்.

புதன் போனது. வியாழன் போனது. ஒவ்வொரு மணி நேரமும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்; அம்மா சுக்கு இடித்துக்கொண்டிருந்தாள், அல்லது தம்ளர்களை எண்ணிக்கொண்டிருந்தாள், அல்லது அப்பா வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வாங்கி வந்து ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கே அப்பா குளித்து, அந்தச் சட்டையைப் போட்டு, தலையைப் படிய வாரி, முடுக்கு வாசலில் போய் நின்றார். உள்ளே வருகிறவர்களுக்கு வழி தெரியாதாம். ஆறு மணி ஆனது. வளவுக்காரர்கள் சிலர் வேடிக்கை பார்க்க வந்து ஜமுக்காளத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஆறேகாலுக்கு அடுத்த தெருவிலிருந்து பாட்டு கேட்டது. நான் தினமும் பழகுகிற பாட்டு. யார் குரல் எது என்றுகூட என்னால் சொல்ல முடிந்தது.

அப்பாவும் கேட்டிருக்கிறார். பைய நடந்து அந்தத் தெரு முனை வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"அவ்வொ அங்கன ஒரு வீட்டுல இருக்காவ" என்றார்.

"நம்ம வீடுன்னுதான டீச்சர் சொன்னாவ" என்றாள் அம்மா.

அப்பா வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டார். பிறகு, "நான் இருக்க வீட்டுக்கு எப்படி வருவாவ" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வெயில் அடிக்கிறது, மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னார்.

அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கும் அவருக்கும் நடுவில் நாலு அடி தூரம்தான். நான் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்பா உள்ளே வந்து மெழுகுவர்த்தியைக் கொளுத்தினார். "அவ்வொ வராட்டா என்ன. நாம சொல்லுவோம்" என்று முழங்காலில் நின்றார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. "ஒனக்கு நல்ல கொரலுல்லா. நீ வாசிட்டி" என்று புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். நான் வாசித்தேன். பதினான்கு நிலைக்கும் எழுந்து, முழங்காலிட்டு, எழுந்து, முழங்காலிட்டு. பெட்டி சுமந்து தேய்ந்த முழங்கால். ஒவ்வொரு தடவையும் நொடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. ஆறாவது நிலையில் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். "தண்ணி குடிச்சுட்டு வாசி, அவசரம் இல்ல" என்றார். அவருடைய வாயிலிருந்து சாராய வாடை வரவில்லை. அவ்வளவு பக்கத்தில் இருந்தார்.

முடிந்ததும் அம்மா நாற்பது பேருக்குப் போட்ட சுக்குக் காப்பியை வளவு முழுக்க ஊற்றிக் கொடுத்தாள். ஜமுக்காளத்தை மடித்துக்கொண்டே வீட்டுக்கார அம்மா கேட்டார்: "ஒங்க கோயில் ஆளுக ஒருத்தரும் வரல்லியா?" அம்மா, "அவ்வொளுக்கு என்ன வேலையோ" என்று சொல்லிவிட்டுத் தம்ளர்களைப் பொறுக்கப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் டீச்சர் வந்தார். கையில் வேப்பிலையும் இரண்டு இளநீரும். அப்பா ஆற்றுக்குப் போயிருந்தார். அம்மா அடுப்பில் மிளகாய் வத்தல் வறுத்துக்கொண்டிருந்தாள். அம்மை போட்ட வீட்டில் தாளிக்கக்கூட மாட்டார்கள். வத்தல் கமறல் முடுக்கு வரை வந்து டீச்சரை இருமவைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் வாசலில் நின்றார். அம்மா தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, கையில் கரண்டியோடு எழுந்து வந்தாள்.

"எனக்குச் சின்ன வயசுலயே போட்டுட்டு, இனி ஒட்டாதுன்னுதான் பாக்க வந்தேன்" என்றார் டீச்சர். பிறகு குரல் இறங்கியது. "ஒங்களுக்கு அம்மைன்னு பிள்ள சொல்லிச்சே."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அடுப்பங்கரை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஆமா டீச்சர்" என்றாள் அம்மா. "வெயில் கொப்புளம்தான் போல. நாந்தான் அம்மைன்னு பயந்துட்டேன். போய்ச் சொல்லுன்னு பிள்ளய நாந்தான் அனுப்பினேன். ஒங்களுக்குத்தான் வீண் அலைச்சல்."

டீச்சர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. இளநீரை வைத்துவிட்டு, "நல்லா இருந்தாச் சரி" என்று போனார். அம்மா அடுப்புக்குத் திரும்பி, கருகிப்போன வத்தலைத் தனியாகப் பொறுக்கிப் போட்டாள். கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"நான் ஒனக்கு என்னளா செஞ்சேன், என்மேல அம்மைய ஏத்திவச்ச?"

நான் அழுதேன். அவள் சமாதானம் சொல்லவில்லை. "அப்பாட்ட சொல்லிராத. அவ்வொளுக்குத் தாங்காது" என்று மட்டும் சொன்னாள். எனக்கு அது வசதியாக இருந்தது. அம்மா சொல்ல வேண்டாம் என்றாளே என்று அதைப் பிடித்துக்கொண்டு ஐந்து வருடம் இருந்தேன்.

அப்பா கோயிலுக்குப் போவதை நிறுத்தினார். அடுத்த ஞாயிறு அம்மா கூப்பிட்டபோது, "அவ்வொ நம்ம வீட்டுக்கு வரமாட்டாவ. நான் எதுக்கு அங்கன போகணும்" என்றார். ஆனால் குடிக்கவில்லை. குடிப்பார் என்றுதான் நான் எதிர்பார்த்திருந்தேன். குடித்துவிட்டால் என் பொய்க்கு ஒரு நியாயம் கிடைக்கும் என்றுகூட நினைத்தேன். அவர் குடிக்கவில்லை. குருத்து ஞாயிறு, பெரிய வியாழன், பெரிய வெள்ளி எல்லாம் ஆற்றுக்குப் போய்விட்டு வந்து உள்ளி உரித்தார். சாமிக்குச் சொன்ன வார்த்தையைப் பாஸ்கா வரை காப்பாற்றினார். பாஸ்கா அன்று மத்தியானம் குடித்தார். அந்த நான்காவது வெள்ளியன்று எங்கள் தெருச் சிலுவைப்பாதை வீட்டுக்கு வந்திருந்தால் அதற்குப் பிறகும் குடிக்காமல் இருந்திருப்பாரா என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். தெரியவில்லை.

பாஸ்காவுக்கு முந்தின பரிசுத்த வாரத்தில், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு வயதான சாமியார். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஒங்க அப்பாட்ட போய்ச் சொல்லும்மா. அதுதான் அபராதம்" என்றார்.

"சாமி, அம்பத்துமூணு மணி ஜெபமால சொல்லுதேன். எத்தன தடவ வேணும்னாலும் சொல்லுதேன்."

"ஜெபமால சொல்லு. நல்லதுதான். ஆனா அது இதுக்கு ஆகாது."

நான் ஜெபமாலை சொன்னேன். அப்பாவிடம் சொல்லவில்லை. பெரிய வெள்ளி அன்று என்னைத்தான் புலம்பல் பாட விட்டார்கள். நன்றாகப் பாடினாய் என்று எல்லோரும் சொன்னார்கள்.

படிப்பு முடிந்து ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கப் போனேன். இருபத்துமூன்று வயதில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை தூத்துக்குடியில் துறைமுக வேலை. கோயிலில் எங்கள் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமைதான் அப்பா சொன்னார்: "நான் கோயில் வாசல் வரைக்கும் வாரேன். உள்ள ஒன் சித்தப்பா கூட்டிட்டுப் போகட்டும்."

அம்மா கெஞ்சினாள். அவர் அசையவில்லை. மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று நான் பயந்தேன். அதனால்தான் சொன்னேன். இதை மறைக்க நான் விரும்பவில்லை. சாமியார் சொன்னபோது சொல்லவில்லை. அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக வீட்டில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துச் சொல்லவில்லை. என் கல்யாணத்தில் குறை வந்துவிடக்கூடாது என்றபோது சொன்னேன்.

மறுநாள் காலை அவர் படித்துறையில் வேலைச் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தார். நான் துணி மூட்டையோடு போய்ப் பக்கத்துப் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பாடுகிற பிள்ளைகள் வருகிறேன் என்றதையும், டீச்சர் வாசலில் நின்று நான் சொன்னதையும். கிறிஸ்துமஸில் சிரித்ததையும் சொன்னேன். அதை யாரும் கேட்கவில்லை.

அவர் துவைத்து முடித்த சட்டையை மறுபடியும் கல்லில் அடித்தார்.

"அன்னைக்கு நான் குடிக்கல்ல" என்றார்.

"தெரியும்ப்பா."

"டீச்சருக்குத் தெரியுமா, நீ சொன்னது பொய்யின்னு?"

"தெரியாது. வெயில் கொப்புளம்னு அம்மா சொல்லிட்டாவ."

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் கையை நிறுத்தினார்.

"அப்பம் அவளுக்கும் தெரியும்."

நான் தலையாட்டினேன்.

"அஞ்சு வருசம், ரெண்டு பேரும் என்னையப் பாத்துக்கிட்டே இருந்திருக்கிய."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு, "நீ போ. நான் குளிச்சுட்டு வாரேன்" என்றார். நான் கொண்டுபோன துணியை நனைக்காமலே எடுத்துக்கொண்டு வந்தேன். அம்மாவிடம் அவர் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. அடுத்த நாள் அம்மாவின் கண் வீங்கியிருந்தது. என்னிடம் அவள் எதையும் கேட்கவில்லை. என் கல்யாணச் சேலைகளை மடித்து மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்தன்று அப்பா கோயிலுக்குள் வந்தார். என் கையைப் பிடித்துப் பீடம் வரை கூட்டிக்கொண்டு போனார். லேசாகத்தான் பிடித்திருந்தார். நடுவழியில் நான் இறுக்கிப் பிடித்தேன். அவர் கை அப்படியே இருந்தது.

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள், நாங்கள் மறுவீட்டுக்கு வந்திருந்தபோது டீச்சர் பார்க்க வந்தார். எனக்கு ஆசீர்வாதம் சொல்லிவிட்டு, அப்பா வெளியே போயிருப்பதைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒங்க அப்பா எப்பேர்ப்பட்ட மனுசன் தெரியுமா. ரெண்டு வாரத்துக்கு முன்னால எங்க வீட்டுக்கு வந்தாவ. டீச்சர், அஞ்சு வருசமா ஒங்க மேலயும் கோயில் சனத்து மேலயும் காரணமில்லாம மனசுல கசப்பு வச்சிருந்தேன், மார்க்கெட்டுல ஒங்களப் பாத்தாலும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன், மன்னிச்சிருங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டாவ. என்ன காரணம்னு கேட்டேன். நான் தப்பா நெனச்சுட்டேன்னு மட்டும் சொன்னாவ. எனக்கு ஒண்ணும் வெளங்கல்ல. ஒனக்குத் தெரியுமா?"

என் கையில் காப்பித் தம்ளர் இருந்தது. என் கணவர் அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியல்ல டீச்சர்" என்றேன்.

அதற்குப் பிறகு அப்பா மாதத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ பூசைக்குப் போனார். கடைசி வரிசையில் நிற்பாராம். குடியை முழுதாக விடவில்லை. என்னோடு பேசாமல் இருந்ததும் இல்லை. தூத்துக்குடிக்கு வந்தால் பேரப்பிள்ளைக்கு முறுக்கு வாங்கி வருவார், ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் பஸ் ஏறிவிடுவார். அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி நாங்கள் மறுபடி பேசவே இல்லை. டீச்சர் பிறகு மகனோடு வெளியூருக்குப் போய்விட்டார். போவதற்கு முன்னால், உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை அவர் வீட்டுத் தெரு வழியாகப் போனேன். ஒரு தடவை வாசலில் அவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுகூட இருந்தார். சுகம் விசாரித்தேன். அவரும் விசாரித்தார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.